செம்புக்குடத் தண்ணீர்

அத்தியாயம் 14

போன வாரம் தேவகியைக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போகலாம் என்றாலும் எங்கே போவாள்?

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தேவகி மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கடலைப் பார்த்து வளர்ந்தவளைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கணவர் ராஜசேகருக்கு விழுப்புரம் பஸ் டிப்போவில் ஸ்டோர் வேலை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். தினமும் போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர் நாலு வருஷமாக அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பிவிடுவார். ஒரே மகள் ஷாலினி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள்.

வீட்டில் தேவகிக்குத் துணை அந்த உப்புத்தண்ணீர்த் தொட்டிதான். அதற்குள் ஒரு ஜோடி அலங்கார இறால். தொக்கு வைக்கிற இறாலை நினைத்துக்கொள்ளாதீர்கள். விரல் நீளந்தான் இருக்கும். சிவப்பு முதுகில் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு, நீளமான வெள்ளை மீசை. ராஜசேகர் சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கி, காற்றடைத்த கவரில் போட்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டுமே ஆண், இரண்டுமே பெண். முறை வைத்துக்கொண்டு முட்டை சுமக்கும். முட்டை பொரிவது பெரிய விஷயமில்லை. பொரிந்த குஞ்சு பிழைப்பதுதான் பெரிய விஷயம். ஒன்பது ஈத்து வீணாகப் போயிற்று. இது பத்தாவது.

போன திங்கட்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டே ராஜசேகர் சொன்னார்: "இந்தத் தடவ குஞ்சு பொழச்சி நின்னுச்சின்னா, திண்டிவனம் டிப்போவுக்கே மாத்தல் எழுதிக் குடுத்துட்றேன். இதுங்கள உட்டுட்டு அங்க உக்காந்துக்கினு இருக்க முடியாது."

இதுங்கள என்றுதான் சொன்னார். உன்ன என்று சொல்லவில்லை. தேவகி அதைக் கவனிக்காமல் இல்லை. எந்தச் சாக்கில் வந்தால் என்ன, வந்து சேர்ந்தால் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

இன்று புதன்கிழமை. குஞ்சு பொரிந்து நாற்பத்தோராம் நாள்.

விடிந்ததும் கரண்டு போய்விட்டது. 2012ஆம் வருஷத்தில் அது யாருக்கும் செய்தி இல்லை. தேவகி தன் பாட்டுக்குப் பேட்டரி பம்பைப் போட்டுவிட்டு, குஞ்சுகள் இருக்கிற நீலத் தொட்டியின் ஓரத்தில் டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் அந்தப் பக்கம் திரண்டு வரும். அப்போதுதான் எண்ண முடியும். துரும்பு மாதிரி உடம்பு, அதைவிட நீளமாகத் துடுப்பு போலக் கால்கள். தண்ணீரில் தலைகீழாக மிதந்து திரிகிறவற்றைப் பார்த்தால் இறால் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆரம்பத்தில் முந்நூறு இருந்தன.

"பதினேழு, பதினெட்டு... எங்கடி போன நீ... பத்தொம்பது."

நேற்றும் பத்தொன்பதுதான். தேவகிக்கு மனசு நிறைந்தது. உப்பளத்துப் பூச்சி பொரிய வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள். மரக்காணம் உப்பளத்தில் கிடைக்கிற அந்தப் பூச்சி முட்டையை அவள் தம்பி பச்சமுத்துதான் மாதா மாதம் கொண்டுவந்து தருவான்.

பிறகு பெரிய தொட்டிக்குள் கையை விட்டாள். பெரிய இறால் இரண்டும் பாறையிடுக்கிலிருந்து வந்து அவள் நகக்கண்ணைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. மீனுக்குச் செய்கிற வேலையை மனுஷிக்கும் செய்யும். கூசும். வேலை முடிந்த பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வாரத்தில் அவளைத் தொடுகிற உயிர் அவை இரண்டும்தான்.

பகல் ஒரு மணிக்கு டிப்போவில் சாப்பாட்டு நேரம். தினமும் அந்த நேரத்துக்கு ராஜசேகரிடமிருந்து போன் வரும். வேலை நாளில் ஒன்றுகூடத் தவறியதில்லை. நேற்றும் அப்படித்தான்.

"எத்தினி?"

"பத்தொம்பதுங்க."

"உப்பு?"

"அளவா இருக்குது."

"சரி, வெச்சிட்றேன்."

நடுவில் ஒருநாள், "எனக்கு ரெண்டு நாளா ஜொரங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "அப்பிடியா? அப்ப கைய தொட்டியில உடாத" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். இரண்டு விரல் இறங்கியிருந்தது. வெயிலில் தண்ணீர்தான் வற்றும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் உப்பு ஏறிப்போய்க் குஞ்சு தாங்காது. வீட்டு போர் தண்ணீர் சுண்ணாம்பாக இருக்கும், ஊற்றக்கூடாது. குழாய்த் தண்ணீரில் மருந்து. அதனால் எப்போதும் கேன் தண்ணீர்தான். கேன்காரரோ இரண்டு நாளாக வரவில்லை.

பக்கத்து வீட்டு அமல்ராணி மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கேனு வராதுக்கா. கரண்டே இல்லாம மிஷினு எப்பிடி ஓடும்னு கேக்கறான். எங்கூட்லயும் காலி."

"பேஜாரு. எனக்கு ரெண்டு செம்பு தண்ணி இருந்தா போதும் அமலு."

"குடிக்கிறதுக்கா?"

"இல்ல, இதுங்களுக்கு."

"அது சரி. ஊரே தவிச்சிக்கினு கெடக்குது, ஒங்கூட்டு எறாவுக்குக் கேன் தண்ணி!" அமல்ராணி சிரித்தாள். "ஏன், திங்கக்கெழம செம்புக்கொடத்துல ஊத்தி வெச்சியே, அது இன்னா ஆச்சி? குடிக்கிறியா இல்லியா? மூணு நாளு வெச்சிக் குடிச்சா மூட்டுவலி பறந்துடும்னு டிவியில அந்த டாக்டரு தெனம் கத்தறாரு."

தேவகிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணச் சீரில் வந்த செம்புக்குடம். பரண் மேல் கிடந்ததை அமல்ராணி பேச்சைக் கேட்டு இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, கடைசிக் கேன் தண்ணீரை அதில் ஊற்றி வைத்திருந்தாள். தனக்கென்று வைத்ததில் பாதியை நீலத் தொட்டியில் ஊற்றினாள். மீதியைப் பெரிய தொட்டியில் ஊற்றினாள். தான் குடிக்க ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

நல்லதைத்தான் கொடுத்தாள். அதில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பத்து மணிக்கு உள்ளே வந்து டார்ச் அடித்தாள். ஒன்றும் வெளிச்சத்துக்கு வரவில்லை.

மறுபடியும் அடித்தாள். நாலைந்து மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தபடி வந்தன. மற்றவை அடியில் விழுந்து கால்களை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. பெரிய தொட்டியில் கையை விட்டாள். பெரியவை இரண்டும் பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றன. கைப்பக்கம் திரும்பவே இல்லை.

தேவகி போனை எடுத்தாள். டூட்டி நேரத்தில் கூப்பிடக்கூடாது என்பது ராஜசேகரின் உத்தரவு. கூப்பிட்டால்தான் என்ன சொல்வது? உங்கள் குஞ்சைக் கொன்றுவிட்டேன் என்றா? தம்பிக்குப் போட்டாள்.

"முத்து, எங்க இருக்கற?"

"கரையிலக்கா. வலைய ஒதறிக்கினு இருக்கேன். இன்னா கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

"குஞ்சுங்க சாவுதுடா. எத்தினி கேன் முடியுமோ அத்தினி கேன் கடல் தண்ணி எடுத்துக்கினு ஜல்தியா வா. கரையோரம் மொள்ளாத, கலங்கலு. உள்ளாற போய் மொண்டுக்கினு வா."

"இரு, இரு. அழுவாத. இதோ கெளம்பிட்டேன்."

அவள் அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பதினொன்றரைக்குப் பச்சமுத்துவின் டிவிஎஸ் வாசலில் வந்து நின்றது. முன்னால் ஒரு கேன், பின்னால் மூன்று கேன், நடுவில் நனைந்த லுங்கியோடு அவன். தேவகியைவிட ஆறு வயது சின்னவன். இறங்கியதும் இறங்காததுமாய்ப் போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டான்.

"கொசு மருந்து வெச்சியா?"

"இல்ல."

"சோப்புக் கையோட தொட்டியா?"

"நானா? நாப்பது நாளா வெறும் தண்ணியிலதான்டா கை கழுவிக்கினு இருக்கேன்."

"அப்ப தண்ணி இன்னா ஊத்தின?"

"நல்ல தண்ணிதான். கேன் தண்ணி. செம்புக்கொடத்துல மூணு நாளு வெச்சிருந்தது."

பச்சமுத்து கேனைக் கீழே வைத்தான்.

"யக்கா... காசிமேட்டுல மீன்புடி போட்டுல வேல பாத்தேன்ல, அங்க போட்டுக்கு அடியில ஒரு பெயிண்டு அடிப்பாங்க. சிப்பி, கொட்டலசு எதுவும் ஒட்டாது. ஒட்டினா செத்துப்பூடும். அந்தப் பெயிண்டுல இன்னா கலந்திருக்குதுன்ற? செம்புதான். கடல்ல இருக்கற சின்ன உசுருக்கு அது வெஷம்க்கா."

தேவகி திரும்பிச் செம்புக்குடத்தைப் பார்த்தாள்.

"புளி வேற போட்டுத் தேச்சேன்டா."

"அதான் செம்பு நல்லா எறங்கியிருக்குது." சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "சரி உடு. மனுசனுக்கு நல்லதுன்னு ஊத்தின. வா, எடுத்து மாத்துவோம்."

அகலமான பிளாஸ்டிக் டப்பில் கடல்நீரை வெள்ளைத் துணி வைத்து வடிகட்டி ஊற்றினார்கள். பிள்ளைக்குக் குளிக்க வைக்கிற வெந்நீரைப் பார்ப்பது போல முழங்கையை விட்டுச் சூடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள் தேவகி. உப்பு அளக்கிற குழலை மிதக்கவிட்டுச் சரி பார்த்தாள். காற்று வருகிற குழாயைப் போட்டாள். முதலில் பெரியவை இரண்டையும் பக்கெட்டில் புதுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். பிறகு டீ கிளாஸால் ஒவ்வொரு குஞ்சாக மொண்டு மாற்ற ஆரம்பித்தார்கள். வலை போட்டால் அந்தக் கால்கள் ஒடிந்துவிடும்.

பச்சமுத்து டார்ச் பிடித்தான். மீன் பிடிக்கிறவன் ஆனாலும் இந்த வேலைக்கு அவன் கை பெரிசு.

"இதுல ஆம்பள எது, பொம்பள எது?"

"எல்லாம் ரெண்டுந்தான்டா. ரெண்டும் வயித்துல சொமக்கும்."

"நல்ல சாதி. எம்பொண்டாட்டி கேட்டா என்னிய உட மாட்டா, சொல்லாத."

தேவகிக்கு இத்தனை பதற்றத்திலும் சிரிப்பு வந்தது. வீட்டில் இன்னொரு குரல் கேட்பதே நன்றாக இருந்தது. அந்தத் தெம்பில்தான் சொன்னாள்.

"இதுங்க பொழச்சிட்டா ஒங்க மாமா இங்கியே வந்துடுவாருடா. மாத்தல் எழுதிக் குடுக்கறேன்னிருக்காரு."

பச்சமுத்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். டார்ச் வெளிச்சம் தரைக்குப் போயிற்று.

"நேரா புடிடா."

"யக்கா. அது... மாமா மறுபடியும் எழுதறாரா?"

"மறுபடியும்னா?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். நம்ம குப்பத்து வெற்றிவேலு விழுப்புரம் டிப்போவுலதான கண்டக்டரு. அவன் சொன்னான். ஆடி மாசமே மாமாவுக்குத் திண்டிவனத்துக்கு ஆர்டரு வந்துச்சாம். அவரு எழுதிக்கூடக் கேக்கல, தானா வந்துச்சாம். இவருதான் வேணாம், எனக்கு இங்கியே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டாராம். ஏன்க்கா, ஒங்களுக்குள்ள எதுனா..."

தேவகியின் கையில் டீ கிளாஸ் இருந்தது. கிளாஸுக்குள் ஒரு குஞ்சு இருந்தது. அதைச் சிந்திவிடாமல் டப்பின் விளிம்புக்குக் கொண்டுபோய், மெதுவாகச் சாய்த்து, அது நீந்திப் போகிறவரை பார்த்தாள். பிறகு அடுத்ததை மொண்டாள்.

ஆடி. இப்போது ஐப்பசி. இந்தக் குஞ்சுகள் அப்போது பிறக்கவே இல்லை.

"அக்கா."

"வெளிச்சத்த இப்பிடிக் காட்டு. மூலையில ஒண்ணு கெடக்குது பாரு."

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேலை முடிந்தது. எட்டு போய்விட்டது. பதினொன்று நீந்திக்கொண்டிருந்தது. பக்கெட்டில் பெரியவை மீசையை ஆட்ட ஆரம்பித்திருந்தன.

அப்போதுதான் பச்சமுத்து கத்தினான்: "யக்கா, இது இன்னா, செவத்துல ஒட்டிக்கினு நிக்குது? செத்துப்பூச்சா?"

தேவகி குனிந்து பார்த்தாள். சாகவில்லை. பதினொன்றில் ஒன்று மிதப்பதை விட்டுவிட்டு டப்பின் சுவரைக் காலால் பற்றிக்கொண்டு நின்றது. துடுப்புக் கால்களைக் காணோம். அரிசி நீளத்துக்கு உடம்பு. முதுகில் சிவப்பு, நடுவில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு.

குஞ்சு இறாலாகிவிட்டது. பத்து ஈத்தில் முதல் தடவை. ராஜசேகர் ஏழு வருஷமாகப் பார்க்கத் தவமிருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"மாமாதான்," என்றான் பச்சமுத்து. "சொல்லு, ஜல்தி சொல்லு!"

"எத்தினி?" என்றார் ராஜசேகர்.

தேவகி சுவரில் நிற்கிற சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. வேறு ஒன்றுதான் வந்தது.

"எல்லாம் போச்சிங்க."

"இன்னாது?"

"எல்லாம் செத்துப்போச்சி. பெருசு ரெண்டுந்தான் மிச்சம். நாந்தான் செம்புக்கொடத்துத் தண்ணிய ஊத்திட்டேன்."

பச்சமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

டிப்போவில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஏழு வருஷத்து ஆசை போயிற்றென்றால் ஒரு மனுஷன் கத்தத்தானே வேண்டும்.

ஒரு மூச்சு கேட்டது. நீளமான மூச்சு.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். ஷாலினி கல்யாணத்தன்று கடைசி விருந்தாளியை வேன் ஏற்றிவிட்டு மண்டபத்துப் படியில் உட்கார்ந்தபோது இப்படித்தான் விட்டார். துக்கத்தில் வருகிற மூச்சு இல்லை அது. பாரத்தை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

"சரி, உடு," என்றார் ராஜசேகர். குரல் இத்தனை இதமாக வந்து எத்தனை வருஷம் ஆகிறது! "நம்ம கையில இன்னா இருக்குது. நீ இன்னா வேணும்னா பண்ண? மாத்தலு கீத்தலு எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், இப்ப அவசரம் இல்ல... ஆமா, நீ சாப்ட்டியா?"

நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"இனிமேதான்."

"சாப்ட்டுட்டுக் கொஞ்ச நேரம் படு."

"சனிக்கெழம வர்றீங்கல்ல?"

"இந்த வாரம்..." கொஞ்சம் இழுத்தார். "ஸ்டாக்கு எடுக்கற வேல இருக்குது. அங்க இப்ப பாக்கறதுக்கும் ஒண்ணும் இல்லியே. அடுத்த வாரம் பாக்கறேன்."

"அப்ப நா வர்றேங்க."

"எங்க?"

"விழுப்புரத்துக்கு. ஒங்க ரூமுக்கு. எனக்குந்தான் இங்க இனிமே பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே."

"நீயா? நீ எதுக்கு... ஏய், இரு. தேவகி..."

அவள் போனை வைத்துவிட்டாள். கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் அவரை முந்திக்கொண்டு அவள் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. உடனே திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்து ஓய்ந்தது.

"இன்னாக்கா பண்ற நீ? முழுசா பொய்யி சொல்ற! இதுங்க உசுரோட நிக்குது!"

"நின்னுட்டுப் போவட்டும். சனிக்கெழம நீ இங்க இரு. காலையில ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி பூச்சி ஊத்து. நா எல்லாம் சொல்லித் தர்றேன்."

"மாமா போன் பண்ணி எத்தினின்னு கேட்டா நா இன்னா சொல்றது?"

"கேக்க மாட்டாருடா. அவருக்குத்தான் எல்லாம் செத்துப்போச்சே."

பச்சமுத்து அக்காவை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டான்.

"சரி, போறதுன்னா போ. ரூமு எந்தப் பக்கம்? ரயில்வே ஸ்டேஷன் கிட்டயா, பஸ்டாண்டு கிட்டயா?"

தேவகி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

நாலு வருஷம். தெருப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அது அவர் குணம். தான் ஒருநாளும் கேட்கவில்லையே என்பதுதான் அவளை அப்படியே நிற்க வைத்தது. குஞ்சு எத்தனை, உப்பு எவ்வளவு என்று அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டாள்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"வெற்றிவேலு நம்பரு ஒன்கிட்ட இருக்குதா முத்து?"

"இருக்குது. ஏன்?"

"போடு."